அச்சு அசல்

இருமலையும் சேர்த்துப் பாடிவிட்டான்.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பழைய கேசட்டில் ஓர் இருமல் வரும். செருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் ஒன்று. அதே இடத்தில், அதே அளவில் எடுத்து வைத்தான்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆல்பம் தயாரிக்கிற நிவேதன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணே, இருமல் எதுக்குண்ணே?"

எதுக்கா? கேசட்டில் இருக்கிறதே!

அவன் மெல்லிசைக் கச்சேரிப் பாடகன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு விழா. மைக்கைப் பிடித்தால் எந்த சினிமாப் பாடகர் வேண்டுமோ அவர் வந்து நிற்பார். அவர் எங்கே மூச்செடுத்தார், எங்கே சிரித்தார், ஒன்றும் பிசகாது. "அச்சு அசல் அவர் மாதிரியே இருக்குய்யா!" அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம் தொண்டை கிழியப் பாடினான்.

"மாதிரி இல்லையே" என்று கூட்டத்தில் யாராவது முனகிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இது வேறு சமாச்சாரம்.

தூத்துக்குடியில் ஒரு காலத்தில் 'ஈரத்தோணி' என்று ஓர் இசைக்குழு இருந்தது. சொந்தமாகப் பாட்டுக் கட்டினார்கள். ஒரே ஒரு கேசட் போட்டார்கள். அதை வாங்க ஆளில்லை. எழுதி, மெட்டுப் போட்டு, பாடிய கஸ்பார் இப்போது உயிரோடு இல்லை. யாரோ ஒரு பெண் கல்லூரி மேடையில் அவர்கள் பாட்டு ஒன்றைப் பாடியதைக் கேட்டுத்தான் நிவேதனே அசலைத் தேடிப் புறப்பட்டான். இப்போது பல ஊர்ப் பாடகர்கள் ஆளுக்கொரு பாட்டாகப் பாடி, அந்தக் குழுவுக்கு மரியாதையாக ஓர் ஆல்பம்.

அதில் பாட நிவேதன் கூப்பிட்டபோது அவன் முதலில் அலட்சியமாகத்தான் இருந்தான். எவன்டா இது, பேரே கேள்விப்பட்டதில்லையே!

நிவேதன் அனுப்பியிருந்த கேசட் பாட்டுகளைப் பஸ்ஸில் வரும்போது செல்போனில் கேட்டான்.

இறங்க வேண்டிய ஸ்டாப்பில் இறங்கவில்லை.

அடேயப்பா, என்ன மனுஷன்! கிடார் சுமார். டிரம்ஸ் ஓர் இடத்தில் தடுமாறி விழுந்து எழுந்திருக்கிறது. ஆனால் அந்தக் குரல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிறது. இப்படி ஓர் ஆளைக் கேட்காமலே விட்டுவிட்டார்களே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாப் பாட்டையும் கேட்டான். முதலிலிருந்து திரும்பக் கேட்டான்.

இருமலை விடாததற்குக் காரணம் அதுதான். அவனுக்குத் தெரிந்த மரியாதை அப்படி.

"கஸ்பார் பாடினது கேசட்லயே இருக்குண்ணே," என்றான் நிவேதன். "நீங்க பாடுங்க. ஆல்பத்துல உங்க பேருதான் வரப்போகுது."

பேரா?

அவன் பேர் எதிலும் வந்ததில்லை. கொடை நோட்டீஸில்கூட 'சின்ன' என்று போட்டுப் பெரிய பாடகர் ஒருவரின் பேர்தான் இருக்கும். நீங்க பாடுங்க என்றால் எந்தக் குரலில் பாடுவது? குளிக்கும்போதுகூட யாரோ ஒருவராகத்தான் பாடுவான். சொந்தக் குரல் என்று ஒன்று இல்லவே இல்லையென்றால்?

அதுவும் கஸ்பாரின் மனைவி பிலோமினா வரப்போகிற நாளில். அவர் கேட்டுச் சரி என்று சொன்ன பாட்டுதான் ஆல்பத்தில் போகும் என்று பேச்சு.

நிவேதன் ஹெட்போனிலிருந்து கஸ்பாரின் குரலை எடுத்துவிட்டான். கிடார் மட்டும் வந்தது.

உதவிக்கு ஒருவரும் வரவில்லை.

பாடினான்.

வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிற ஒருத்தன். பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போகிறான். வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

கொஞ்சம் கட்டையாக, கரகரவென்று ஒரு குரல் வந்தது. வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரல். கடைசி வரியில் நடுங்கியது. அதை மறைக்க அவனுக்கு ஒரு வித்தையும் தெரியவில்லை.

வெளியே வந்தபோது பிலோமினா நாற்காலியில் இருந்தார். மடியில் கைப்பை. எப்போது வந்தாரோ.

நிவேதன் பதிவைப் போட்டான். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு கேட்டார்.

முடிந்தது.

"அவுக மாதிரி இல்லையே, தம்பி."

போச்சு. எல்லாம் போச்சு.

"அவரை மாதிரியே பாடுறேம்மா," என்றான் அவசரமாக. "எனக்கு வரும். இருமல்கூட வரும். இப்பவே பாடிக் காட்டுறேன்."

"ஐயோ, வேண்டாம்யா."

பிலோமினா கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவுக பாடையில நான் அவுக குரலத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன். என்ன சொல்லுதாகன்னு கேட்டதே இல்ல. உங்க குரல் எனக்குப் பழக்கமில்லல்லா, அதான் வார்த்தையெல்லாம் காதுல விழுது."

கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"இத எனக்காய்யா எழுதுனாக?"

அவன் நிவேதனைப் பார்த்தான். நிவேதன் அவனைப் பார்த்தான்.

"இன்னொருக்கா போடுங்க," என்றார். "இந்தத் தம்பி பாடுனதையே போடுங்க."

நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.