புது ஆள்

பெட்டியோடு ஜீப்பில் ஏறியவரைப் பார்த்ததுமே டிரைவருக்குப் பிடிக்கவில்லை.

"மலை ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வர்றீங்களா?"

"ஆமாங்க."

போச்சு. மலைமேல் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஒரே வைத்தியம் நர்சம்மாதான். வேறு ஆள் வந்து பொறுப்பேற்றால் அவரை டவுனுக்கு மாற்றிவிடுவார்கள். மேலிடம் எதைச் செய்தாலும் அதில் ஒரு வில்லங்கம் இருக்கும் என்பது டிரைவரின் அனுபவம். ஏற்கெனவே வந்த இரண்டு பேரைப் பாதி வழியிலேயே கிளப்பிவிட்டவர் அவர்.

"மேல கரண்டு நிக்காது சார். அட்டைப்பூச்சி பேன்ட்டுக்குள்ள ஏறும்."

"அப்படியா?"

"அதையாவது பிச்சுப் போட்டுடலாம். சிறுத்தை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"நர்சம்மா இருக்காங்களே?"

"அவங்களப் பார்த்தா சிறுத்தையே ஊசிக்குப் பயந்து ஓடிடும். உங்களுக்கு அந்த ராசி இருக்கணுமே!"

வந்தவர் முகம் வெளிறிவிட்டது. "வண்டியை நிறுத்துங்க. நான் இப்படியே திரும்பிடறேன்."

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரேக் போட்டார்.

"நர்சம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க," என்றார் வந்தவர். "கூட இருக்க ஒரு டாக்டர் வேணும்னு பல வருஷமா கேட்டாங்களே, அந்த டாக்டர் பாதி வழியிலேயே பயந்துட்டார்னு."

"டாக்டரா? அப்போ நர்சம்மா?"

"அவங்க எங்கேயும் போகல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேலை. சரி, நீங்க வண்டியைத் திருப்புங்க."

டிரைவர் மிதித்த மிதியில் ஜீப் மேட்டில் பாய்ந்து ஏறியது.

"திருப்ப முடியாது சார். இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியரே விழாது!"