மூன்றாவது கோடு

பசை டப்பாவின் மூடி பெஞ்சுக்கு அடியில் உருண்டுபோக, பைலட் அதைத் தேடிக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியின் சூட்டுத் திருகை மூன்றாவது கோட்டைத் தாண்டித் திருப்பிவிட்டாள்.

அவர் நிமிர்ந்தபோது அவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பைலட் என்பது தெரு வைத்த பெயர். தொழில், ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துவது. மற்ற நேரமெல்லாம் கார் ஷெட்டில் விமானம் கட்டுவது. ஒரே ஒருவர் உட்காரும் விமானம். வீட்டில் காரே கிடையாது என்பதால் ஷெட் முழுக்க அவருடைய ராஜ்யம்.

அதை ஓட்டுவதற்காகப் பயிற்சிக்கும் போய் வந்தார். வாத்தியார் பக்கத்தில் இருக்கப் பலமுறை பறந்தார், தனியாக ஒருமுறை. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல்கூடப் படுத்துவிட்டார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இப்போது இரண்டு முக்காலிகளின் மேல் இறக்கை கிடந்தது. மரச்சட்டங்களின் மேல் வெள்ளைத் துணியை விரித்து, விளிம்புகளைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்.

அந்தத் துணிக்கு ஒரு குணம். சூடு பட்டால் சுருங்கும். தொளதொளவென்று கிடப்பதை இஸ்திரி போடப் போட, கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வரும். ஆனால் சூடு அளவை மீறினால் காரியம் கெட்டது. துணி நெகிழ்ந்துவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் இறுகாது. உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான். புதுத் துணி வந்து சேர மாதக்கணக்கில் ஆகும்.

அந்த மாதங்கள்தான் அவளுக்கு வேண்டியிருந்தன.

பெட்டியில் அச்சடித்த எண்களை நம்பக் கூடாது என்று பைலட்டே வெப்பமானி வைத்து அளந்து, திருகைச் சுற்றி அவளுடைய நகப்பூச்சால் மூன்று கோடுகள் போட்டுக் கொடுத்திருந்தார். முதல் கோட்டில் ஒரு சுற்று, அடுத்த கோட்டில் ஒரு சுற்று, கடைசி இறுக்கத்துக்கு மூன்றாவது. பசை அவர் வேலை, இஸ்திரி அவள் வேலை. சட்டைக் காலரையே கருக்கிவிடுகிற கை அவருக்கு.

முதல் இரண்டு சுற்றில் துணி பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை. அவளுக்கும் இது முதல் இறக்கை. இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

பறக்க வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் இல்லை. அவர் முதன்முதலாக மரக்கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிய அன்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, என் வீட்டுக்காரர் பறக்கத்தான் போகிறார், நீங்களெல்லாம் அண்ணாந்து பார்க்கத்தான் போகிறீர்கள் என்று சவால் விட்டவள் அவள்தான். இன்றைக்கு அந்த நாத்தனாரே, அண்ணாந்து பார்ப்பதற்கென்று கூலிங் கிளாஸ் வாங்கி வைத்திருக்கிறாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் கீழே விழுந்து செத்துப்போவார் என்று பயமாக இருந்தது. விமானம் முடிய முடிய அவளுக்குத் தூக்கம் குறைந்துகொண்டே வந்தது.

பெட்டி நன்றாகச் சூடேறியதும் துணிமேல் வைத்தாள். திருகு கண்ணில் படாதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டு தேய்த்தாள்.

துணி தொய்யட்டும் என்று காத்திருந்தாள்.

தொய்யவில்லை. சட்டங்களுக்கு நடுவே கிடந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

பைலட் கிட்டே வந்து நின்றார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துணியின் மட்டத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் இன்னொருமுறை பார்த்தார். அவர் முகம் சரியில்லை. கண்டுபிடித்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள். ஆனாலும் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்.

கடைசி முனைவரை தேய்த்து முடித்துவிட்டாள்.

பைலட் விரலால் துணியைச் சுண்டினார். டம் என்றது. நடுவில் சுண்டினார். அங்கேயும் டம். ஓரங்கள் கோணவில்லை, ஒட்டியது எங்கும் விடவில்லை. விமானத்தைப் பரிசோதிக்க வருகிற அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் குறை சொல்ல ஓர் இடம் கிடைக்காது.

அவர் அப்படியே முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இறுகுச்சு?" என்று முணுமுணுத்தார். "கோடு மூணையும் குறைச்சுத்தானே போட்டேன். இந்தச் சூட்டுல இறுகவே கூடாதே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

அவள் திருகின் மேலிருந்து கையை எடுத்தாள். அது நின்ற இடத்தை அவர் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் குறைத்ததும் அவள் கூட்டியதும் சேர்ந்து, மிகச் சரியான சூடாகிவிட்டிருந்தது.

அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. தனியாகப் பறந்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்த அன்றும் இப்படித்தான் வியர்த்திருந்தது; அது சந்தோஷமில்லை என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் இவ்வளவு பிரியம் அவளுக்கு வந்ததே இல்லை.

அவள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். சுவரோரம் துணி போர்த்தாமல் சாய்ந்திருந்த மற்ற இறக்கையை மோவாயால் காட்டினாள்.

"அது ஒண்ணு இருக்கே. அதுல நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் தப்பு பண்ணுவோம்."