சபூறாட கவி

“இந்த வெக்கங்கெட்ட கவியக் கட்டினது ஆரெண்டு தெரியாம என்ட மகன இந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டன்!”

குசினி வாசல்ல நிண்டு சத்தம் போட்டது சுபைறா. மாப்பிள்ளைட உம்மா. வாற வெள்ளிக்கிழம கலியாணம். நாங்க அயல் பொம்புளயள் பொண்ணு வீட்டு அடுப்படியில கூடியிருந்து பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தம்.

பொண்ணுட உம்மா சபூறா எண்ணெய்த் தாச்சிக்குள்ள இருந்து முறுக்க வழிச்சுக்கொண்டே, “முதல்ல இதில ஒண்டக் கடிங்க மச்சி. ஏச்சு கொஞ்சம் மெதுவா வரும்” எண்டா.

கவிட கத இதுதான். அது அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு மறு வருசம். அப்ப கதிர் வெட்டப் போற பொம்புளயள்ட வாயெல்லாம் இந்தக் கவிதான்:

பந்தலிடும் மாசத்தில பசியெடுத்து வந்தகிளி
வந்தவழி போஎண்டேன் வாசலிலே நிக்கவெச்சு
சொன்னவுடன் பறந்திட்டாய் சோறுதண்ணி கேக்காம

மூணு அடிதான் ஊருக்குள்ள திரிஞ்சுது. நாலாம் அடி ஒருத்தருக்கும் தெரியா. கட்டினது ஆரெண்டும் தெரியா.

அது என்ன கிளியெண்டு விளங்காம இருக்க நாங்க என்ன சின்னப் புள்ளையளா? புள்ளைக்குக் கலியாணம் பேசின வயசில ஒருத்திக்கு வயித்தில தங்கியிருக்கு. வெக்கத்தில வேணாமெண்டு சொல்லியிருக்கா. அது நிக்காமப் போயிற்று. அந்த ஒருத்தி ஆர்? அதுதான் ஊர்ப் புதினம்.

“இப்ப பந்தல் போடுற வீடு எது? இந்த வீடு!” எண்டா சுபைறா. “போன மாசம் சத்தியெடுத்துச் சத்தியெடுத்துக் கிடந்தது ஆர்? நீங்க!”

“அது ஊசிப்போன சுறாக்கறி மச்சி! இந்த வயித்தப் பாருங்க, இது எப்பவும் ஏழு மாசம்தான். எல்லாம் நெய்ச்சோறு.”

நாங்க சிரிச்ச சிரிப்பில மாவுச் சுளகு கவிழப் பாத்திச்சு.

சுபைறா மட்டும் சிரிக்கல்ல. காய்ச்சலெண்டு ரெண்டு மாசம் வீட்டோட கிடந்திட்டு இப்பதான் வெளிய வந்திருக்கா. முகம் வெளிறிக் கிடந்துது.

“என்ட மகன் வந்து குடியிருக்கப் போறது இந்த வீட்ட. மாமி தொட்டில் கட்டப் பாத்தவவாம் எண்டு ஊர் சிரிச்சா, அவன் முகத்த எங்க கொண்டுபோய் வைக்கிற?”

“கவியில ‘நான்’ எண்டு வந்தா அது பாடினவதானா மச்சி? கடலுக்குப் போன புருசன் வரல்லையே எண்டு இந்தா மாப் பிசையிற சித்தி லைலா கண்ணீர் உட்டுப் பாடுறாளே, அவள்ட மனிசன் தேத்தண்ணிக் கடைய விட்டு எப்பவாச்சும் இறங்கியிருக்கானா?”

“கடல் எந்தப் பக்கமெண்டும் அவருக்குத் தெரியா!” எண்டா சித்தி லைலா.

“மத்தது, எனக்கும் கவிக்கும் என்ன சம்பந்தம்? என்ட மகள் ஸுல்பிகாவத் தாலாட்டக்கூட அடுத்த வீட்டாளக் கூப்பிட்டுத்தான் பாட்டுப் படிப்பிச்சன். நான் படிச்சாப் புள்ள வீரிட்டு அழும்.”

அதுக்குள்ள சித்தி லைலாக்கு வாய் சும்மா கிடக்கல்ல. நாலாம் அடியத் தானே கட்டி எடுத்து உட்டா:

“நெய்ச்சோறு மிச்சமிரிக்கி நிண்டுதிண்டு போவன்கிளி!”

“சும்மா இரி புள்ள, இதக் கேள்” எண்டு அவளுக்குப் பக்கத்தில இருந்த கைருன்னிஸா தொடங்கினா. “கொவ்வைப்பழம் காணாமக் கோவிச்சுப் போனகிளி!”

ஒருத்திக்கு மேல ஒருத்தி விழுந்து சிரிச்சம். எனக்குக் கண்ணால தண்ணி ஓடிச்சு.

“அப்பிடியில்ல!”

சுபைறாட குரல். ஆனா ஏச்சில்ல. மெதுவா, ராகத்தோட வந்திச்சு:

“வாய்தானே சொன்னசொல்லு, வயிறுசொல்ல இல்லகிளி.”

ஒருத்தருக்கும் தெரியாத அந்த நாலாம் அடி. சுபைறா சீலைத் தலப்ப எடுத்து வாயப் பொத்தினா. சொன்னது தன்ட வாய்தான் எண்டு அவக்கு அப்பதான் விளங்கிச்சு. கதவுக்குப் பின்னால, மருமகளா வரப்போற ஸுல்பிகா நிக்கிறாள்.

றப்பே! இவ்வளவு நேரமும் எதுக்குச் சிரிச்சிருக்கிறம்!

சபூறா முறுக்குக் கம்பியக் கீழ வெச்சிட்டு எழும்பினா.

“என்ன மச்சி இது! ரகசியமெண்டு உங்களுக்கு மட்டும் படிச்சுக் காட்டினத இப்பிடிச் சபையில போட்டு உடைச்சிட்டீங்களே!” எண்டா. எங்களப் பாத்துத் திரும்பினா. “ஓம் புள்ளையள், கவி என்டதான். சுறாக்கறியெல்லாம் பொய். வயித்தில தங்கினதும் எனக்கு, போனதும் எனக்கு. இனிச் சொல்லுங்க மச்சி, மகன அனுப்புவீங்களா, மாட்டீங்களா?”

சுபைறா அப்பிடியே நிலத்தில இருந்திட்டா. சபூறாவும் பக்கத்தில இருந்தா. அவட மடியில முகத்தப் புதைச்சுச் சுபைறா அழுத அழுகை! சபூறாட கவலைக்குத்தான் அவ அழுறா எண்டு நாங்களும் நம்பின மாதிரி இருந்தம்.

மறுகா சுபைறா கண்ணத் துடைச்சுப்போட்டு, ஒரு முறுக்க எடுத்துக் கடிச்சா.

“வெள்ளிக்கிழம மாப்பிள்ளைக்கு முன்னால நான் வாறன் மச்சி.”

சித்தி லைலா உட்ட குரவச் சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அதுக்குப் பிறகு ஆர் கேட்டாலும் எங்களுக்கு ஒரே பேச்சுத்தான்: அது சபூறாட கவி. ஊர் அவவப் பாத்துச் சிரிச்சுது. அவவும் வயித்தத் தட்டிக்கொண்டு சேர்ந்து சிரிச்சா.

தாலாட்டுக்கே அடுத்த வீட்டாளக் கூப்பிட்ட சபூறாட கவி.