கால் பட்டால்

ஜூடோவில் மாநிலப் பட்டம் வாங்கிய ரெஜினா, முட்டி போன பிறகு பெண் காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். காலால் காலைத் தட்டி ஆளைச் சாய்க்கும் பிடி முத்துக்கனிக்கு மட்டும் வரவில்லை. கால் பட்டதுமே பிடித்த சட்டையை விட்டுவிட்டு, ரெஜினாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

“கும்பிடவாடி வந்த? நாளைக்கு போலீஸ் ஜூடோ அணியில எடுக்கலேன்னா மறுபடியும் வாசல்ல துப்பாக்கியோட பாரா டூட்டிதான்.”

“உங்க மேல கால் படுதேக்கா.”

“படட்டும். சட்டைய விடாத.”

மறுநாள் அதிகாரிகள் முன்னால் ரெஜினாவே எதிரில் நின்றாள். கால் பட்டது. அடுத்த நொடி மல்லாக்கக் கிடந்து கூரையைப் பார்த்தாள். முத்துக்கனி சட்டையை விடவில்லை.

“எடுத்தாச்சு” என்றார் அதிகாரி. முத்துக்கனி பிடியை விட்டு எழுந்து மற்றவர்களிடம் ஓடினாள். தன்னைத் தொட ஒரு கை வரும் என்று ரெஜினா எழாமல் கிடந்தாள்.