கவிழ்த்து வைத்த கோப்பை

"இன்னைக்கு உசரமா எங்கயும் ஏற வேண்டாம்னு வருது, அத்தான்."

கவிழ்த்து வைத்திருந்த காப்பிக் கோப்பையை நிமிர்த்தி, உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னாள் தோஸ்தா.

"யாருக்கு வருது? கோப்பைக்கா, உனக்கா?" என்றார் பிளாகோயா.

ரோமுக்கு வந்த முதல் காலை. கையில் இருப்பது மூன்றே நாள். சொந்த ஊரான பிதோலாவில் குளிர்காலம் முழுக்க அடுப்பருகே உட்கார்ந்து, வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருந்தார் அவர். காலையில் பழைய அரங்கம். மதியத்துக்குள் நீரூற்று. சாயங்காலம் போப்பாண்டவர் கோயில், அதன் கோபுர உச்சி வரை. மறுநாள் இதைவிட நெருக்கம்.

"இது மனுஷங்களுக்குப் போட்ட திட்டமில்ல, குதிரைக்குப் போட்டது" என்று விமானத்திலேயே சொன்னவள் தோஸ்தா. அவர் மனைவி ரத்காவின் தங்கை.

கடைசி நாளுக்கு மட்டும் ஒரே இடம்தான் குறித்திருந்தார். புனித கிரிலின் கல்லறை. எங்கள் மொழிக்கு எழுத்து வகுத்துக் கொடுத்தவர் அவர். அந்த எழுத்தை அச்சகத்தில் கோத்தே ஆயுள் முழுக்கப் பிழைத்தவர் பிளாகோயா. அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றாமல் சாக மாட்டேன் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். மெழுகுவத்தியைப் பிதோலாவிலிருந்தே துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

தோஸ்தாவின் கோப்பையைக் கேட்காமல் எங்கள் தெருவில் பெண் பார்க்கக்கூடக் கிளம்ப மாட்டார்கள். எங்கள் ஊரில் காப்பியை வடிகட்டுவதில்லை; குடித்துக் கோப்பையைக் கவிழ்த்தால், வண்டல் வழிந்து உள்ளே கோலம் போடும். அதைப் பார்த்துச் சொல்வாள். பிளாகோயா கேலி செய்வார். ஆனால் ஒரு முறை அவள் பேச்சை மீறி ஓஹ்ரிட் ஏரிக்குக் கிளம்பியபோது, பாதி வழியில் கார் புகை கக்கி நின்றது. அன்றிலிருந்து கேலியோடு சரி, மீறுவதில்லை.

கோபுர உச்சி போயிற்று. நீரூற்றுக்கு எதிரே நிழலில் உட்கார்ந்து மூன்று பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

அறைக்குத் திரும்பியதும் அக்காவும் தங்கையும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தண்ணீர் விழும் சத்தம். இடையிடையே குசுகுசுப் பேச்சு.

"உள்ள என்ன நடக்குது?"

"பொம்பளைங்க சமாசாரம், அத்தான். வேடிக்கை பாக்க உங்களுக்கு ரோம் இருக்குல்ல?"

அப்போதுதான் பிளாகோயாவுக்கு முதல் சந்தேகம் வந்தது.

இரண்டாம் நாள் கோப்பை இன்னும் கறாராகப் பேசியது. ஒரே ஒரு இடம் போதுமாம். அதுவும் டாக்ஸியில் போகணுமாம். திரும்பும் வழியில் தோஸ்தா ஒரு செருப்புக் கடை வாசலில் டாக்ஸியை நிறுத்தினாள். ரத்காவுக்குத் தொளதொளவென்று ஒரு ஜோடி வாங்கினாள்.

"செருப்புக் கடையும் கோப்பையில தெரிஞ்சுதா?"

"தள்ளுபடிகூடத் தெரிஞ்சுது, அத்தான்."

ரத்கா சிரிக்கவில்லை. கணவர் முகத்தையே பார்க்கவில்லை. அக்காவும் தங்கையும் சேர்ந்து ஊர் சுற்றிக் கடைகடையாக ஏறத் தன்னை ஓரங்கட்டுகிறார்கள் என்று பிளாகோயா முடிவுகட்டிவிட்டார்.

"நீயும் அவளுக்கு உடந்தையா?" என்று கேட்டார். ரத்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை. சாயங்காலம் விமானம். பிளாகோயா மெழுகுவத்தியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தயாராக நின்றார். ஹோட்டலின் கீழே இருந்த காப்பிக் கடையில் தோஸ்தா நிதானமாக அக்காவின் கோப்பையைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மத்தியானம் வரைக்கும் நகர வேண்டாம்னு வருது."

"குடு அதை!"

வெடுக்கென்று பிடுங்கினார். உள்ளே பார்த்தார். வெளேரென்று இருந்தது. அடியில் மெல்லிசாக ஒரு நுரை வளையம். வண்டலும் இல்லை, கோலமும் இல்லை. பக்கத்து மேஜையில் யாரோ குடித்து வைத்துவிட்டுப் போன கோப்பையை எடுத்துப் பார்த்தார். அதுவும் அப்படியேதான்.

டாக்டர் சொல்லி அவர் காப்பியை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. அதனால், வடிகட்டி வரும் இந்த ஊர்க் காப்பியில் வண்டலே தங்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அடிப்பாவி! வெறுங்கோப்பையைக் காட்டியா மூணு நாளை முழுங்கினே? கோபுரத்தை முழுங்கினே, இப்போ கல்லறையையும் முழுங்கப் பாக்குறே! எதைப் பாத்துடி சொன்னே இத்தனையும்?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தோஸ்தா அக்காவைப் பார்த்தாள். "சொல்லிடவா?"

"வேண்டாம்டி."

"மேஜைக்கு அடியில பாருங்க, அத்தான். அதைப் பாத்துத்தான் சொன்னேன்."

குனிந்தார்.

புதுச் செருப்பின் வார் அவிழ்ந்து கிடந்தது. ரத்காவின் பாதம் இரண்டும் புளித்த மாவு போல உப்பியிருந்தன. கணுக்காலைச் சுற்றிக் கட்டு. அவர் பார்த்ததும் அவசரமாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

"எப்பலேருந்து ரத்கா?" பிளாகோயாவின் குரல் இறங்கிவிட்டது.

"கிளம்புறதுக்கு முன்னாடியே. சொன்னா நீங்க டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டிருப்பீங்க."

பிளாகோயா சட்டைப் பையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கல்லறை வேண்டாம். விமானத்துக்கு நேரமாகுற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்போம்."

"நல்லாருக்கே கதை!" ரத்கா மெழுகுவத்தியை எடுத்து மறுபடி அவர் பையிலேயே செருகினாள். "அந்தக் கல்லறை நிலத்துக்கு அடியில இருக்காம். படி இறங்கித்தான் போகணுமாம், டாக்ஸி போகாதாம். உங்க கையப் பிடிச்சுக்கிட்டு அந்தப் படி இறங்கத்தானே மூணு நாளா இந்தக் காலை மிச்சம் பிடிச்சு வச்சிருக்கேன்?"