பசை போடாத குதிரை

குச்சியால் தட்டி வாசிக்கும் பழைய சந்தூர் ஒன்றில், தந்திகளைத் தூக்கிப் பிடிக்கும் மரக்கட்டைக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அந்தக் கட்டையைக் குதிரை என்பார்கள். செய்தவர் தன்னைப் பசை போட்டு நிரந்தரமாக உட்காரவைத்திருக்கிறார் என்று அது நம்பியது.

"அடியே தந்திகளா, நான் தாங்காவிட்டால் பலகையில் விழுந்து புரளுவீர்கள். அடி உங்களுக்கு, பாட்டு எனக்கு" என்றது.

தினமும் அடி வாங்கும் தந்திகளுக்குப் பொறுக்கவில்லை. மெல்லிய தந்தி ஒன்று தன் முறுக்காணியிடம், "அண்ணே, கொஞ்சம் தளர்த்தி விடுங்க. ஐயா எப்படி நிக்கிறார்னு பார்த்துடலாம்" என்றது.

"நீ ஒருத்தி தளர்ந்தா ஒண்ணும் ஆகாது, தங்கச்சி. எல்லாரையும் கூட்டிட்டு வா."

எல்லா ஆணிகளும் ஒன்றாக நெகிழ்ந்தன. குதிரை குப்புற விழுந்தது. அதன் அடியில் பசையின் சுவடே இல்லை. இத்தனை காலமும் தந்திகளின் அழுத்தத்தில்தான் அது நின்றிருக்கிறது.

மறுநாள் வாசிப்பவர் வந்து அதை நிமிர்த்தி, தந்திகளை முறுக்கினார். நின்றதுமே குதிரை தொண்டையைக் கனைத்தது. "பார்த்தீர்களா, நான் இல்லாமல்..."

மெல்லிய தந்தி லேசாகச் சுருதி இறங்கியது.

"...நீங்க எல்லாரும் சௌக்கியமா இருந்தீங்களா, அக்கா?" என்றது குதிரை.