படையல் சோறு

அப்பாத்துரையால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கிணற்றடிக்குப் போனான். ஒரு வாளி இறைத்தான். குடிக்கவில்லை, தொட்டியில் ஊற்றிவிட்டு மறுபடி முற்றத்துக்கே வந்து நின்றான்.

பொங்கல் பானையைச் சுற்றி ஓலைச் சாம்பல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. சூரியனுக்குப் படைத்து முடித்துவிட்டார்கள். அண்ணன் தளவாய் கரும்பைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

ஞானஸ்நானம் பெற்று வந்த அன்று, இதே முற்றத்தில் நின்றுதான் அவனை வெளியே போகச் சொன்னார். எட்டு வருஷம் ஆகிவிட்டது. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. இன்பமணியைக் கட்டினான். கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

இப்போது மதினி தங்கத்தாய் ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள், பொங்கலுக்கு வரச் சொல்லி. ரயிலேறி அம்பாசமுத்திரத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து நடந்து வந்திருந்தார்கள். மதினி கூப்பிட்டது அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்கக்கூட அவனுக்குத் தைரியமில்லை.

இன்பமணி கூடத்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பங்கரைக்குள் போகப் பார்த்தவளை மதினிதான் தடுத்து அங்கே உட்காரவைத்திருந்தாள்.

"சாமிக்குப் படைச்ச சோத்த வச்சா என்ன செய்யப் போறிய?" என்று இன்பமணி அவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"தின்னுருவேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். படைத்ததைத் தின்றது மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அது அவனுக்கும் தெரியும்.

கூடத்தில் இலை போட்டார்கள். அண்ணனும் அவருடைய இரண்டு மகன்களும் ஒரு பக்கம். எதிரே ஓர் இலை, அவனுக்கு. உள்ளே கூப்பிட்டதே பெரிது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அண்ணன் மகள் சுடலைவடிவு முற்றத்துப் பானையிலிருந்து பொங்கலை அள்ளி வந்தாள். அண்ணனுக்கு வைத்தாள். பையன்களுக்கு வைத்தாள். அவன் இலைக்கு நேரே குனிந்தாள்.

"அவனுக்கு வைக்காத!"

அண்ணனின் அதட்டலில் அகப்பை அப்படியே நின்றது.

வாசல்படியில் இன்பமணி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாத்துரை இடது கையைத் தரையில் ஊன்றினான். எழுந்தால் ஆற்றங்கரைவரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான்.

"படைச்சத அவன் திங்க மாட்டாம்லா. ஏளா தங்கத்தாய், உள்ள தனியா பொங்கி வைக்கச் சொன்னேனே, அதக் கொண்டா."

மதினி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். கையில் சின்னப் பானை. யாருக்கும் படைக்காத பொங்கல். முதல் அகப்பை அவன் இலையில் விழுந்தது.

பரிமாறி முடிந்ததும் பையன்களில் ஒருவன் சோற்றில் கை வைத்தான். அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"பொறுலே. சித்தப்பா செபம் பண்ணணும்."

அப்பாத்துரை கண்களை மூடினான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கால் மாற்றி மாற்றி நிற்கும்வரை செபிக்கிறவன் அவன். இப்போது ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் வரவில்லை. அதையே வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கண்ணைத் திறந்தபோது ஒருவரும் சாப்பிட ஆரம்பித்திருக்கவில்லை. எதிரே அண்ணன் முதுகை நிமிர்த்தி, இரண்டு கண்களையும் இறுக மூடி உட்கார்ந்திருந்தார். எப்போது திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சுதாலே, அப்பாத்துரை?"

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அது. அந்த வீட்டில் அந்த நிமிஷம்வரை அவன் பிச்சைக்கண்ணுதான்.